சர்ஜன் ஆக 200 கேள்விகள் போதுமா? நீட்-பிஜி தேர்வை இளம் மருத்துவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்?

2025 ஆகஸ்ட் 3-ஆம் தேதி, நாடு முழுக்க 2.42 லட்சத்துக்கும் அதிகமான எம்.பி.பி.எஸ். மருத்துவர்கள் நீட்-பிஜி தேர்வு எழுதினார்கள். மூன்றரை மணி நேரம், 200 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். சரியானதை மவுஸால் கிளிக் செய்ய வேண்டும். அவ்வளவுதான்.

அவர்களில் சில ஆயிரம் பேர் ஜெனரல் சர்ஜரி பயிற்சிக்குப் போவார்கள். குடல்வால், ஹெர்னியா, பித்தப்பை, விபத்தில் கிழிந்த குடல் என்று அடுத்த மூன்று ஆண்டுகள் ஆபரேஷன் தியேட்டரில்தான் வாழ்க்கை. ஆனா அவர்களைத் தேர்ந்தெடுத்த அந்த மூன்றரை மணி நேரத்தில் யாரும் ஊசி பிடிக்கவில்லை, முடிச்சுப் போடவில்லை, நோயாளி ஒருவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

இது சரியான முறைதானா என்று விண்ணப்பதாரர்களைக் கேட்டால், பெரும்பாலும் இரண்டு பதில்கள் ஒன்றாகவே வரும். "இந்தத் தேர்வு நல்ல சர்ஜனைக் கண்டுபிடிக்காது" என்பது ஒன்று. "இதை எடுத்துட்டு இன்டர்வியூ வைக்கிறேன்னு மட்டும் சொல்லாதீங்க" என்பது இன்னொன்று.

கேட்கும்போது முரண்பாடாகத் தெரியும். ஆனா இந்தியாவில் மருத்துவ மேற்படிப்புச் சேர்க்கையின் வரலாற்றைப் பார்த்தால், இரண்டும் சேர்ந்தே ஏன் வருகின்றன என்பது புரியும்.

முதலில், சர்ஜன் ஆவது எப்படி?

எம்.பி.பி.எஸ். நான்கரை ஆண்டு. அதன்பின் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. பிறகு நீட்-பிஜி எழுதி எம்.எஸ். ஜெனரல் சர்ஜரியில் மூன்று ஆண்டு, அல்லது அதற்கு இணையான டி.என்.பி. படிப்பு. இதய அறுவை சிகிச்சை, குழந்தைகள் அறுவை சிகிச்சை, சிறுநீரியல் (யூராலஜி) மாதிரி உயர் சிறப்புப் பிரிவுக்குப் போக வேண்டுமென்றால் நீட்-எஸ்எஸ் என்ற இன்னொரு தேர்வு, பிறகு எம்.சிஎச். மூன்று ஆண்டு.

கூட்டிப் பாருங்கள்: ஓர் ஆண்டுகூட வீணாகாமல் போனாலே பதினொன்றரை ஆண்டு. நினைத்த பிராஞ்ச் கிடைக்காமல் ஓராண்டு, ஈராண்டு 'டிராப்' எடுத்துப் படிப்பவர்கள் ஏராளம். அப்படியானால் சுயமாக ஆபரேஷன் செய்யும் உயர் சிறப்பு சர்ஜனாக வரும்போது வயது முப்பதைத் தாண்டியிருக்கும்.

எய்ம்ஸ், ஜிப்மர், சண்டிகர் பிஜிஐ, நிம்ஹான்ஸ் போன்ற தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனங்களுக்கு ஐஎன்ஐ-செட் என்ற தனித் தேர்வு உண்டு. எய்ம்ஸ் நடத்தும் இந்தத் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை வரும். அதிலும் 200 கேள்விகள்தான், கணினித் தேர்வுதான். மற்ற எல்லா இடங்களுக்கும் தேசிய மருத்துவ அறிவியல் தேர்வு வாரியம் நடத்தும் நீட்-பிஜி.

மதிப்பெண் கணக்கு எளிமையானது. சரியான விடைக்கு 4, தவறுக்கு மைனஸ் 1, விட்டுவிட்டால் 0. மொத்தம் 800. ஒருவர் 150 கேள்விக்குச் சரியாகவும் 40-க்குத் தவறாகவும் பதில் தந்து, 10-ஐ விட்டுவிட்டால் 600-இல் 40 கழிந்து 560 வரும். இந்த எண்தான் ரேங்க் ஆகிறது. எந்த பிராஞ்ச், எந்தக் கல்லூரி, எவ்வளவு கட்டணம் எல்லாமே அந்த ரேங்க்கைப் பொறுத்தது.

அரசுக் கல்லூரி இடங்களில் 50% அகில இந்திய ஒதுக்கீடு. மீதி 50% மாநில ஒதுக்கீடு. தோல் மருத்துவம் படிக்கப் போகிறவருக்கும் மூளை அறுவை சிகிச்சை கனவோடு இருப்பவருக்கும் ஒரே வினாத்தாள். அனாடமி முதல் சமூக மருத்துவம் வரை எம்.பி.பி.எஸ்.-ஸின் 19 பாடங்களும் அதில் வரும்.

'நியாயம்' என்றால் எது?

ஒரு தேர்வுமுறை நியாயமானதா என்பதை, அதில் கலந்துகொள்பவர் எதை வைத்து முடிவு செய்கிறார்? அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீபன் கில்லிலேண்ட் 1993-இல் இதற்கு ஒரு சட்டகத்தை முன்வைத்தார். வேலைக்கு ஆள் எடுப்பதைப் பற்றியது அது. பின்னாளில் மருத்துவப் பயிற்சிக்கு ஆள் எடுப்பதை ஆராய்ந்தவர்களும் பயன்படுத்தினார்கள்.

அதில் பத்து அளவுகோல்கள் உண்டு. நம் கதைக்கு ஐந்து போதும்:

• கேட்கும் கேள்விக்கும் செய்யப்போகும் வேலைக்கும் தொடர்பு இருக்கிறதா?
• என் திறமையைக் காட்ட எனக்கு வாய்ப்பு கிடைத்ததா?
• எல்லோரும் ஒரே மாதிரி நடத்தப்பட்டார்களா?
• தவறு நடந்தால் மறுபரிசீலனை கேட்க வழி இருக்கிறதா?
• எங்கே தவறினேன் என்று எனக்குச் சொன்னார்களா?

நீட்-பிஜியை இதில் பொருத்திப் பாருங்கள். மூன்றாவது அளவுகோலில் மற்ற எந்த முறையையும்விட வலுவாக நிற்கும். அப்பா யார், எந்த ஊர், எந்தச் சாதி, ஆங்கிலம் எப்படிப் பேசுகிறார் என்பதெல்லாம் கணினிக்குத் தெரியாது.

முதல் அளவுகோலில் பாதி தேறும். மருத்துவ அறிவு இல்லாமல் நல்ல சர்ஜன் ஆக முடியாதுதானே. இரண்டாவதில் சர்ஜரி விரும்புபவருக்குப் பூஜ்யம். பொதுவாக, கொள்குறித் தேர்வில் நன்றாக எழுதுபவர் அடுத்த எழுத்துத் தேர்விலும் நன்றாக எழுதுவார் என்று ஓரளவு கணிக்கலாம். தியேட்டரில் கை எப்படி ஓடும் என்பதை அந்த மதிப்பெண் சொல்லாது.

நான்காவதும் ஐந்தாவதும்தான் நீதிமன்றம் வரை போன பிரச்சினைகள். அதைக் கீழே பார்ப்போம்.

அப்போ ஏன் இன்டர்வியூ வேண்டாம் என்கிறார்கள்?

பழைய அனுபவம்தான் காரணம்.

நீட் வருவதற்கு முன் மாநிலங்கள் தனித்தனித் தேர்வு, தனியார் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் தனித்தனித் தேர்வு. கேபிடேஷன் ஃபீ என்ற வார்த்தை தெரியாத மருத்துவ மாணவர் அன்றைக்கு இருந்திருக்க முடியாது. ஊழல் குற்றச்சாட்டில் தலைவர் கைதானதை அடுத்து, 2010-இல் இந்திய மருத்துவக் கவுன்சிலே கலைக்கப்பட்டது. 2013-இல் மத்தியப் பிரதேசத்தில் வியாபம் முறைகேடு வெடித்தபோது, பிஜி நுழைவுத் தேர்வும் விசாரணைக்குள் வந்தது.

இன்னொரு காரணம் பாகுபாடு. டெல்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் நிலையை ஆராய்ந்த தோரட் குழு, 2007-இல் அறிக்கை தந்தது. செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் தாங்கள் பாகுபாடாக நடத்தப்படுவதாக மாணவர்கள் சொன்னதை அது பதிவு செய்தது. நேருக்கு நேர் உட்கார்ந்து மதிப்பெண் போடும் எந்த முறையைப் பற்றிப் பேசினாலும் இந்த நினைவு கூடவே வரும்.

பெண்களுக்கு இது இன்னும் நேரடியான விஷயம். "கல்யாணம் எப்போ? குழந்தை பிறந்தா நைட் டூட்டி எப்படிப் பார்ப்பே? பொண்ணுங்களுக்கு சர்ஜரி எதுக்கும்மா?" சர்ஜரி எடுக்க நினைக்கும் பெண் மருத்துவர்கள் வீட்டிலும் வார்டிலும் கேட்டுச் சலித்த கேள்விகள் இவை. நீட்-பிஜி இதைக் கேட்காது. ரேங்க் இருந்தால் சீட் எடுக்கலாம், யாரும் தடுக்க முடியாது. தேர்வுக் குழு என்று ஒன்று வந்தால் இந்தக் கேள்விகள் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் என்ற பயம் நியாயமானதுதான்.

மறுபக்கமும் உண்டு. வேலூர் சி.எம்.சி. பல ஆண்டுகள் தனக்கென ஒரு தேர்வு முறை வைத்திருந்தது. கிராமப்புறங்களிலும் மிஷன் மருத்துவமனைகளிலும் வேலை செய்யும் மனநிலை ஒருவருக்கு இருக்கிறதா என்பதையும் பார்த்துத்தான் எடுக்கிறோம் என்பது அவர்கள் வாதம். அந்த வழக்கில் 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், எல்லோருக்கும் பொதுவான நீட் தேர்வு சிறுபான்மை நிறுவனங்களின் உரிமையைப் பறிக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. சி.எம்.சி.-யின் முறை நல்லதா இல்லையா என்பது வேறு விவாதம். நாடு முழுவதும் அந்த அளவு நேர்மையாக அதை நடத்த முடியுமா என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை.

அதே உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில், அகில இந்திய ஒதுக்கீட்டில் ஓபிசி-க்கு 27% தந்ததை உறுதி செய்தபோது இன்னொன்றையும் சொன்னது. போட்டித் தேர்வு மதிப்பெண்ணை மட்டும் வைத்துத் 'தகுதி' என்பதை அளந்துவிட முடியாது என்பதுதான் அதன் சாரம். தேர்வு என்பது இருக்கும் இடங்களைப் பங்கிட ஒரு வழி. அதற்கு மேல் அதில் அர்த்தம் தேடக் கூடாது.

கோபம் எங்கே இருக்கிறது?

விண்ணப்பதாரர்கள் தொடுத்த வழக்குகளையும் பயிற்சி மருத்துவர் சங்கங்களின் கோரிக்கைகளையும் வரிசையாக வைத்துப் படித்தால், 'கேள்விகள் சர்ஜரிக்குப் பொருந்தவில்லை' என்ற புகார் அரிதாகவே கண்ணில் படும். திரும்பத் திரும்ப வருவது நான்கு விஷயங்கள்.

முதலாவது, தேதி. 2024 தேர்வு முதலில் மார்ச் 3 என்றார்கள். பிறகு ஜூலை 7 என்றார்கள். பிறகு முன்னால் இழுத்து ஜூன் 23 ஆக்கினார்கள். தேர்வுக்கு முந்தைய இரவு, ஜூன் 22 அன்று, தள்ளிவைக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. ரயில் ஏறி, வேறு ஊரில் ரூம் போட்டுத் தங்கியிருந்தவர்களுக்கு ராத்திரியில் கிடைத்த செய்தி அது. கடைசியில் ஆகஸ்ட் 11-ஆம் தேதிதான் தேர்வு நடந்தது. ஹவுஸ் சர்ஜன் பயிற்சியை முடித்து, வேலைக்கும் போகாமல் படித்துக்கொண்டிருப்பவருக்கு ஒவ்வொரு தள்ளிவைப்பும் வருமானம் இல்லாத இன்னும் சில வாரங்கள்.

இரண்டாவது, ஷிஃப்ட். 2024-இல் தேர்வு இரண்டு ஷிஃப்டாக நடந்தது. காலை வினாத்தாள் வேறு, மதியம் வேறு. ஒன்று எளிது, ஒன்று கடினம் என்றால் என்ன செய்வது? அதற்காக 'நார்மலைசேஷன்' என்ற முறையில் மதிப்பெண்ணைச் சமன் செய்தார்கள். அதாவது, நீங்கள் எடுத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல், உங்கள் ஷிஃப்டில் உங்களுக்குக் கீழே எத்தனை சதவீதம் பேர் இருக்கிறார்கள் என்று பார்ப்பது. கணிதத்தில் இது ஏற்கக்கூடிய முறைதான். ஆனா 'என் ஷிஃப்டில் நன்றாகப் படித்தவர்கள் அதிகம் இருந்தால் நான் என்ன செய்வேன்?' என்ற கேள்வி எழும். ஒரு தசமப் புள்ளியில் நூற்றுக்கணக்கான ரேங்க் மாறும் போட்டியில் அதைத் தள்ளிவிட முடியாது.

2025-லும் இரண்டு ஷிஃப்ட் என்று அறிவித்தபோது வழக்குப் போட்டார்கள். மே 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், இரண்டு வினாத்தாள்கள் ஒருபோதும் ஒரே அளவு கடினமாக இருக்க முடியாது என்று சொல்லி, ஒரே ஷிஃப்டில் நடத்த உத்தரவிட்டது. ஜூன் 15 தேர்வு ஆகஸ்ட் 3-க்குப் போனது அதனால்தான். இந்த முறை தேதி தள்ளிப்போனதைப் பலர் வரவேற்றார்கள். எல்லோருக்கும் ஒரே தாள் என்பது அவர்களுக்கு அவ்வளவு முக்கியம்.

மூன்றாவது, விடைக்குறிப்பு. பிளஸ் டூ முடித்து எழுதும் நீட் தேர்வில் வினாத்தாளும் விடைக்குறிப்பும் வெளியாகும், ஆட்சேபம் சொல்லலாம். நீட்-பிஜியில் வினாக்களை வெளியே சொல்ல மாட்டேன் என்று தேர்வு எழுதுபவரே ஒப்புக்கொள்ள வேண்டும். மறுமதிப்பீடும் கிடையாது. 2025 மே மாதம் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், மூல மதிப்பெண், விடைக்குறிப்பு, நார்மலைசேஷன் சூத்திரம் எல்லாவற்றையும் வெளியிடச் சொன்னது. அதன்பின் தேர்வு வாரியம் வெளியிட்டது, கேள்விகளின் அடையாள எண்களையும் அவற்றுக்கான விடைகளையும். கேள்வி என்னவென்றே தெரியாமல் எண்ணை மட்டும் வைத்து எதைச் சரிபார்ப்பது என்று விண்ணப்பதாரர்கள் கேட்டார்கள்.

நான்காவது, கட்-ஆஃப். இதைக் கொஞ்சம் கணக்கோடு பார்க்க வேண்டும்.

மைனஸ் 40 எடுத்தாலும் தகுதியா?

பொதுப் பிரிவுக்குத் தகுதி பெற 50 பெர்சன்டைல் வேண்டும் என்பது விதி. பெர்சன்டைல் என்பது சதவீதம் அல்ல. தேர்வு எழுதியவர்களில் பாதிப் பேரைவிட மேலே இருந்தால் 50 பெர்சன்டைல். 2025-இல் அதற்கான மதிப்பெண் 276. அதாவது 800-க்கு 276, நூற்றுக்கு சுமார் 35.

பல சுற்றுக் கவுன்சலிங்குக்குப் பிறகும் இடங்கள் காலியாக இருக்கும்போது கட்-ஆஃபைக் குறைப்பது வழக்கமாகிவிட்டது. 2023-இல் எல்லாப் பிரிவுக்கும் பூஜ்யம் பெர்சன்டைல் ஆக்கினார்கள். 2024 தேர்வுக்கு முதலில் பொதுப் பிரிவுக்கு 15, மற்றவர்களுக்கு 10. 2025 தேர்வுக்கு 2026 ஜனவரியில் பொதுப் பிரிவுக்கு 7 பெர்சன்டைல், அதாவது 103 மதிப்பெண். பட்டியல் சாதி, பழங்குடி, ஓபிசி பிரிவுகளுக்குப் பூஜ்யம் பெர்சன்டைல், அதாவது மைனஸ் 40.

இந்த எண்களை எப்படிப் புரிந்துகொள்வது? எதுவுமே படிக்காத ஒருவர் 200 கேள்விக்கும் கண்ணை மூடிக்கொண்டு விடை தொட்டால், சராசரியாக 50 சரியாக இருக்கும், 150 தவறாக இருக்கும். 200-இல் 150 போக 50 மதிப்பெண். மைனஸ் 40 என்பது அதற்கும் கீழே.

செய்தி வந்ததும் 'மைனஸ் மார்க் டாக்டர்' என்று சமூக ஊடகங்களில் கேலி ஓடியது. அதில் இரண்டு உண்மைகள் விட்டுப்போகின்றன. ஒன்று, இவர்கள் எல்லோரும் ஏற்கெனவே எம்.பி.பி.எஸ். தேறிப் பதிவு பெற்ற மருத்துவர்கள். மூன்று ஆண்டு முடிவில் எம்.எஸ். தேர்விலும் தேற வேண்டும். கட்-ஆஃபைக் குறைப்பதை ஆதரிப்பவர்களின் வாதம் இதுதான்: நீட்-பிஜி வரிசைப்படுத்தும் தேர்வு மட்டுமே, இடம் காலியாகக் கிடப்பதால் யாருக்கும் லாபமில்லை.

இரண்டாவது, கட்-ஆஃப் குறைந்தாலும் அரசுக் கல்லூரி சர்ஜரி சீட் மைனஸ் மதிப்பெண்காரருக்குப் போய்விடாது. அது எப்போதோ நிரம்பியிருக்கும். கடைசிவரை மிஞ்சுவது பெரும்பாலும் அனாடமி, ஃபிசியாலஜி போன்ற நோயாளியைப் பார்க்காத பிராஞ்ச்களும், ஆண்டுக்குப் பல லட்சம் கட்டணம் கேட்கும் தனியார், நிகர்நிலை இடங்களும்.

விண்ணப்பதாரரின் கோபம் இங்கேதான் கூர்மையாகிறது. 276-ஐத் தாண்டியும், பணம் இல்லாததால் அந்த இடத்தை எடுக்க முடியாமல் அடுத்த ஆண்டுக்குப் படிக்கப் போனவர் இருக்கிறார். கட்-ஆஃப் குறைந்த பிறகு, அவரைவிட நூறு, நூற்றைம்பது மதிப்பெண் குறைவாக எடுத்தவர் கட்டணம் கட்டி அதே இடத்தில் சேரலாம். எல்லோருக்கும் ஒரே தாள், ஒரே ஷிஃப்ட் என்று பாடுபட்டுக் கொண்டுவந்த சமத்துவம், கட்டண கவுன்டரில் வந்து நின்றுவிடுகிறது.

சர்ஜரி மட்டும் ஏன் தனிக்கதை?

சேர்க்கைப் பட்டியல்களைப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். முன்னணி ரேங்க்காரர்கள் பெரும்பாலும் எடுப்பது ரேடியோ டயக்னோசிஸ், ஜெனரல் மெடிசின், தோல் மருத்துவம். ஜெனரல் சர்ஜரி அதற்குப் பிறகுதான் நிரம்புகிறது.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியது. ரேடியாலஜி மூன்று ஆண்டில் முடிந்துவிடும், வருமானம் உண்டு, நள்ளிரவு அழைப்பு குறைவு. எம்.எஸ். சர்ஜரி முடித்தவருக்கோ, எம்.சிஎச். இல்லாமல் நகரத்தில் நிற்க முடியாது என்ற எண்ணம் இருக்கிறது. அதற்கு இன்னொரு தேர்வு. அந்தத் தேர்வும் நிலையாக இல்லை: 2021-இல் நீட்-எஸ்எஸ் நடக்கச் சுமார் இரண்டு மாதம் இருக்கும்போது வினாத்தாள் முறையையே மாற்றினார்கள். அதிகார விளையாட்டில் இளம் மருத்துவர்களைப் பந்தாக உருட்டாதீர்கள் என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் கடிந்துகொண்ட பிறகே, மாற்றம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடப்பட்டது.

வேலை நேரம் இன்னொரு காரணம். பயிற்சி மருத்துவருக்கு வாரம் 48 மணி நேரம், தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் டூட்டி கூடாது என்று 1992-லேயே மத்திய அரசின் உத்தரவு இருக்கிறது. 2024-இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் மனநலப் பணிக்குழு பரிந்துரைத்தது, வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று. பரிந்துரைக்கும் உச்சவரம்பே 74 என்றால் நிலைமை என்ன என்று ஊகித்துக்கொள்ளலாம். முடியவில்லை என்று நடுவில் விட்டுப் போனால் பல மாநிலங்களில் 'சீட் லீவிங் பாண்ட்' தொகை கட்ட வேண்டும். இது லட்சக்கணக்கில் போகும். அந்த பாண்டைக் கைவிடுங்கள் என்று 2024 ஜனவரியில் ஆணையம் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது.

சர்ஜரி எடுக்கப் போகிறவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது ஒரே விஷயம்: 'அங்கே கை வைக்க விடுவாங்களா?' மூன்று ஆண்டில் எத்தனை ஹெர்னியாவைத் தானே செய்ய முடியும், எத்தனை அவசர ஆபரேஷனில் முதல் உதவியாளராக நிற்க முடியும், அல்லது மூன்று ஆண்டும் ரிட்ராக்டர் பிடித்து, டிஸ்சார்ஜ் சம்மரி எழுதியே போய்விடுமா?

கவுன்சலிங் இணையதளத்தில் கல்லூரிப் பெயர் இருக்கும், இடங்களின் எண்ணிக்கை இருக்கும், கட்டணம் இருக்கும். ஒரு பயிற்சி மருத்துவர் சராசரியாக எத்தனை ஆபரேஷன் செய்கிறார் என்பது அங்கே இருக்காது. ஒவ்வொரு பயிற்சி மருத்துவரும் லாக்புக் எழுதுகிறார். அதாவது தரவு கல்லூரிகளில் இருக்கிறது, தொகுத்து வெளியிடப்படுவதில்லை. அதனால் விண்ணப்பதாரர் நம்பியிருப்பது சீனியர்களின் வாட்ஸ்அப் பதிலை. சீனியர் தெரிந்தவருக்கு விவரம் கிடைக்கும். சிறிய ஊர்க் கல்லூரியில் படித்து, குடும்பத்தில் முதல் மருத்துவராக வந்தவருக்கு அது கிடைப்பது கஷ்டம்.

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவில் விண்ணப்பம், பரிந்துரைக் கடிதம், இன்டர்வியூ எல்லாம் உண்டு. விண்ணப்பதாரர் மருத்துவமனைகளை வரிசைப்படுத்துவார், மருத்துவமனைகள் அவர்களை வரிசைப்படுத்தும். கணினி இரண்டையும் பொருத்தும். தேர்வு மதிப்பெண்ணே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்ற விமர்சனத்துக்குப் பிறகு, 2022 ஜனவரி முதல் 'ஸ்டெப் 1' தேர்வை வெறும் பாஸ்-ஃபெயில் ஆக்கினார்கள். விளைவு? அழுத்தம் அப்படியே 'ஸ்டெப் 2' தேர்வுக்கு நகர்ந்தது.

பிரிட்டனில் சர்ஜரி பயிற்சிக்கு முதலில் எம்எஸ்ஆர்ஏ என்ற கணினித் தேர்வு. பணியிடச் சிக்கல் ஒன்றைத் தந்து 'நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்று கேட்கும் பகுதியும் அதில் உண்டு. அதன்பின் நேர்முகம். அங்கேயும் விண்ணப்பதாரர்கள் மகிழ்ச்சியாக இல்லை. ஆராய்ச்சிக் கட்டுரை, பயிலரங்கு என்று வசதி உள்ளவர்களே தங்கள் விண்ணப்பத்தை அலங்கரிக்க முடிகிறது என்பது அங்குள்ள பழைய புகார்.

எந்த முறையிலும் குறை இருக்கிறது. இந்திய விண்ணப்பதாரர் தேர்ந்துகொண்டது, குறுகலாக இருந்தாலும் கை நீட்டித் திருத்த முடியாத அளவுகோலை.

நெக்ஸ்ட் தேர்வு வந்தால் மாறுமா?

2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வையும் பிஜி சேர்க்கையையும் ஒன்றாக்கி 'நெக்ஸ்ட்' என்ற தேர்வைக் கொண்டுவரச் சொல்கிறது. 2023-இல் மாதிரித் தேர்வு வரை அறிவித்து, பிறகு தள்ளிவைத்தார்கள். அப்போது வெளியான விதிகளின்படி இதில் இரண்டு படிகள். முதல் படி, கணினித் தேர்வு. பிஜி சேர்க்கைக்கு இந்த மதிப்பெண்தான் கணக்கு. இரண்டாம் படி, செய்முறைத் தேர்வு. அதில் பாஸ் ஆனால் போதும், ரேங்க்கில் சேராது.

அதாவது நெக்ஸ்ட் வந்தாலும் சர்ஜரி சீட்டைத் தீர்மானிக்கப் போவது மவுஸ் கிளிக்தான். ஆனா செய்முறை மதிப்பெண்ணைச் சேர்க்கவே முடியாது என்றும் இல்லை. எய்ம்ஸ் நடத்தும் உயர் சிறப்புப் படிப்புத் தேர்வில் கணினித் தேர்வுக்குப் பிறகு, துறை நடத்தும் செய்முறை மதிப்பீடும் உண்டு. அதன் எடை கணினித் தேர்வைவிட மிகக் குறைவு. தனிநபர் விருப்பம் விளையாட விடாமல் கொஞ்சம் இடம் தருவதற்கு அது ஓர் உதாரணம்.

அதற்கெல்லாம் முன், உடனே செய்யக்கூடியவை இருக்கின்றன. தேர்வுத் தேதியை ஓராண்டுக்கு முன்பே அறிவித்து மாற்றாமல் இருப்பது. தேர்வு முடிந்ததும் கேள்விகளையும் விடைகளையும் முழுதாக வெளியிடுவது. கட்-ஆஃப் எவ்வளவு வரை குறையலாம் என்பதைக் கவுன்சலிங் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவது. கல்லூரிவாரியாக, பயிற்சி மருத்துவர்கள் செய்யும் அறுவை சிகிச்சைகளின் எண்ணிக்கையை வெளியிடுவது. இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை.

நமக்கு ஏன் இது முக்கியம்?

நாட்டில் பிஜி மருத்துவ இடங்கள் 2014-இல் சுமார் 31,000. 2024-இல் 73,000-ஐத் தாண்டின. இடங்கள் இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருக்கின்றன. அப்படியும் இதய அறுவை சிகிச்சை, குழந்தைகள் அறுவை சிகிச்சை போன்ற பிரிவுகளில் ஆண்டுதோறும் எம்.சிஎச். இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. பிறவிக் குறைபாடோடு பிறந்த குழந்தைக்கு ஆபரேஷன் செய்யும் சர்ஜனைத் தேடிப் பெற்றோர் எத்தனை ஊர் தாண்டிப் போக வேண்டியிருக்கும் என்பது, இன்றைக்கு அந்த இடத்தில் யாராவது சேர்கிறார்களா என்பதைப் பொறுத்தது.

அரசு மருத்துவமனைகளுக்கும் இதே கணக்கு பொருந்தும். அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்குப் பிஜி இடங்களில் தனி ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைக் கொண்டுபோனது தமிழ்நாடு அரசு மருத்துவர்கள். பிஜி முடித்து, மாவட்ட, தாலுகா மருத்துவமனைகளில் திரும்ப வந்து வேலை செய்ய ஆள் வேண்டும் என்பது அதன் பின்னால் இருந்த வாதம். யாரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதோடு, அவர் எங்கே வேலை செய்வார் என்பதையும் தேர்வுமுறை தீர்மானிக்கிறது என்பதற்கு இது உதாரணம்.

அடுத்த நீட்-பிஜி அறிவிப்பு வரும்போது முதலிடம் யாருக்கு என்பதைவிட மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். சொன்ன தேதியில் நடந்ததா? கேள்விகளோடு விடைக்குறிப்பு வந்ததா? கடைசிச் சுற்றில் கட்-ஆஃப் எங்கே போய் நின்றது? பதினொன்றரை ஆண்டு காத்திருக்கத் தயாராக இருக்கும் ஒருவர் சர்ஜரியை எடுப்பாரா, விட்டுவிட்டு ரேடியாலஜிக்குப் போவாரா என்பதில் இந்த மூன்றுக்கும் பங்கு இருக்கிறது.